மண்ணுக்குள் ஒரு பண்டமாற்று



செட்டிநாட்டு மண்ணை நீங்கள் அறிவீர்கள். காரைக்குடியிலிருந்து எத்திசையில் நடந்தாலும் சிவந்த நிலமும் செம்புறைக் கல்லும் கண்ணிற் படும். வடகிழக்குப் பருவமழை பெய்தால் கண்மாய் நிரம்பும். கண்மாய் நிரம்பினால் நெல் விளையும். மழை பொய்த்த ஆண்டில் கடலையும் சிறுதானியமுமே கைகொடுக்கும். இம்மண்ணில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவு. அச்சத்து இல்லையேல் இலை பச்சை குன்றி வெளிறும், கதிர் சிறுக்கும். இத்தகைய ஏழை மண்ணில் நிற்கும் ஒரு செடி தனக்கு வேண்டிய தழைச்சத்தை எங்கிருந்து பெறுகிறது?

தொழுவுரம் என்பது ஒரு விடை. உரக்கடையில் வாங்கும் மூட்டை இரண்டாவது விடை. கடலை, உளுந்து போன்றவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து அதனைப் பிடித்துத் தருகின்றன என்பது மூன்றாவது விடை. இம்மூன்றையும் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். நான்காவது விடையும் ஒன்று உண்டு. மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சணம் பூச்சிகளைக் கொல்கிறது. கொன்ற பூச்சியின் உடலிலுள்ள தழைச்சத்தைச் செடியின் வேருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. வேர் அதற்கு மாற்றாகத் தன் இலை சமைத்த சர்க்கரையைத் தருகிறது. 2012-ஆம் ஆண்டில்தான் இது தெளிவாக மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் இதைக் காண்பதற்கு வேண்டிய துணுக்குகள் யாவும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர் கையில் இருந்தன. அவை ஏன் இவ்வளவு காலம் ஒன்றுசேரவில்லை, பின்னர் எவ்வாறு ஒன்றுசேர்ந்தன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் பூஞ்சணம் என்பது யாது என்று பார்ப்போம். மழைக்காலத்தில் ஊறுகாய்ச் சாடியின்மேல் வெண்மையாகப் படர்வதும், நனைந்த தோற்செருப்பில் பச்சையாகப் பூப்பதும், குப்பைமேட்டில் குடை விரித்து நிற்கும் காளானும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இவற்றிற்குப் பச்சையம் இல்லை. ஆதலால் வெயிலைக் கொண்டு தம் உணவைத் தாமே சமைத்துக்கொள்ள இவற்றால் இயலாது. பிறர் சமைத்த உணவைக் கொண்டே வாழ வேண்டும். பஞ்சு நூலினும் மெல்லிய இழைகளே இவற்றின் உடல். இனம் பெருகுவதற்கு மாவு போன்ற வித்துத்தூளை இவை உண்டாக்குகின்றன. பிறர் உணவில் வாழ்வது என்னும் இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் எழப்போகும் ஒரு பெரிய கேள்விக்கு அதுவே அடிப்படை.

வரலாறு பட்டுப்புழுவிலிருந்து தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலி நாட்டில் பட்டுப்புழுக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. மடிந்த புழு அழுகவில்லை. விறைத்து, மேலே வெண்மாவு பூத்து, சுண்ணாம்புக் கட்டிபோல் ஆயிற்று. இத்தாலியர் அந்நோய்க்குச் சுண்ணாம்பைக் குறிக்கும் சொல்லையே பெயராக இட்டனர். நமக்கு அண்டையிலுள்ள கன்னட நாட்டிலும் பட்டுப்புழு வளர்ப்போர் அதனைச் ‘சுண்ணக்கட்டு’ என்றே வழங்குகின்றனர். வெவ்வேறு நாட்டு உழைப்பாளிகள் ஒரே காட்சியைக் கண்டு ஒரே உவமையைத் தேர்ந்தது கவனிக்கத்தக்கது.

லோதி என்னும் ஊரைச் சார்ந்த அகஸ்தீனோ பாஸி என்பவர் சட்டம் பயின்றவர். கண்பார்வை குன்றியமையால் அலுவலை விட்டு வேளாண்மையில் ஈடுபட்டவர். அவர் 1807-ஆம் ஆண்டில் இந்நோயை ஆராயத் தொடங்கினார். காற்றோ, தீனியோ, அறையின் வெப்பமோ காரணமாயிருக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். முடிவில், செத்த புழுவின் மேலுள்ள வெண்மாவே உயிருள்ள ஒரு பூஞ்சணத்தின் வித்து என்றும், அஃது ஒரு புழுவிலிருந்து மற்றொன்றிற்குத் தொற்றுகிறது என்றும் கண்டு, 1835-இல் நூலாக வெளியிட்டார். கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிர் ஒரு விலங்குக்கு நோய் விளைவிக்கும் என்பதைச் சோதனையால் காட்டிய முதல் நூல் அதுவே. புகழ்பெற்ற பாஸ்டர் பட்டுப்புழு நோய்களை ஆராய வந்தது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்துத்தான். பாஸியின் பெயர் இன்றும் அப்பூஞ்சணத்தின் பெயரில் இருக்கிறது. அதனை ‘போவேரியா பாசியானா’ என்று அழைக்கிறோம்.

பட்டுப்புழுவுக்குப் பகையான ஒன்று பயிருக்குப் பகையான பூச்சியையும் கொல்லுமன்றோ? இந்த எண்ணத்தைச் செயலாக்கியவர் ருசிய அறிஞர் எலி மெச்னிகாவ். 1870-களின் இறுதியில் ஒடெஸ்ஸா நகரைச் சூழ்ந்த கோதுமை வயல்களை ஒருவகை வண்டு அழித்துக்கொண்டிருந்தது. அதன் புழுக்களுள் சில பச்சைத்தூள் போர்த்துச் செத்துக் கிடப்பதை அவர் கண்டார். அந்தப் பச்சைப் பூஞ்சணத்தை 1879-இல் விவரித்துப் பெயரிட்டார். பீர் வடிக்கும் ஆலையில் பயன்படும் தானியக் கூழிலே அதனை வளர்க்க முடியும் என்றும் காட்டினார். 1884-இல் அவர் வழி வந்த கிராசில்ஷிக் என்பவர் உக்ரேனில் ஸ்மேலா என்னுமிடத்தில் இதற்கென ஒரு நிலையமே அமைத்து, சர்க்கரைக் கிழங்கைத் தின்னும் வண்டின்மேல் வித்துத்தூளைப் பயன்படுத்தினார். இப்பூஞ்சணமே இன்று ‘மெட்டாரைசியம்’ என வழங்குகிறது. மெச்னிகாவ் பின்னர் வேறு துறைக்குச் சென்றார். உடலுக்குள் புகும் கிருமிகளை இரத்த அணுக்கள் விழுங்குவதைக் கண்டறிந்து 1908-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் இம்முயற்சி பரவியது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் தானியப் பயிர்களின் சாற்றை உறிஞ்சும் ஒருவகைப் பூச்சி பெருகியிருந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்சிஸ் ஸ்நோ என்பவர் 1888 முதல் பூஞ்சணம் பிடித்த பூச்சிகளை வளர்த்துப் பொட்டலமாகக் கட்டி, கேட்ட உழவர்க்கெல்லாம் அஞ்சலில் அனுப்பினார். சில வயல்களில் பூச்சி மடிந்தது, சிலவற்றில் மடியவில்லை. 1911-இல் பில்லிங்ஸ், கிளென் என்னும் இருவர் இதனை முறையாக ஆய்ந்து ஒரு முடிவு கூறினர். வயலில் அந்தப் பூஞ்சணம் ஏற்கெனவே இயற்கையாக நிறைந்திருக்கிறது. ஈரம் வாய்த்தால் அது தானே வேலை செய்கிறது. ஈரம் வாய்க்காவிட்டால் நாம் கொண்டுபோய்த் தூவியும் பயனில்லை என்பது அம்முடிவு. அத்துடன் அந்நாட்டில் இந்த முயற்சியில் இருந்த ஆர்வம் தணிந்தது.

மாணவர்களே, இங்கேதான் ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். பூஞ்சணம் பிறர் உணவில் வாழ்வது என்று முன்னே கண்டோம். பூச்சியோ ஒரு பருவத்தில் வந்து மறு பருவத்தில் மறைவது. அவ்வாறாயின், பூச்சி இல்லாத மாதங்களிலும் வயல் முழுதும் நிறைந்திருக்கும் இந்தப் பூஞ்சணத்திற்குச் சோறிடுவது யார்? அது வித்துத்தூளாக உறங்கிக் கிடக்கிறது என்று சொல்லி அக்காலத்தவர் அமைந்துவிட்டனர். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையும் அதுவன்று.

விடையின் மறுபாதி அப்போது வேறொரு துறையாரிடம் இருந்தது. மெச்னிகாவ் பச்சைப் பூஞ்சணத்திற்குப் பெயரிட்ட அதே 1879-ஆம் ஆண்டில், ஜெர்மானியத் தாவர அறிஞர் அன்டன் டி பாரி ஒரு நூல் வெளியிட்டார். வெவ்வேறு குலத்தைச் சேர்ந்த இரண்டு உயிர்கள் சேர்ந்து வாழும் நிலையைப் பற்றியது அது. அதனையே நாம் கூட்டுயிர் வாழ்க்கை என்கிறோம். 1885-இல் ஆல்பர்ட் பிராங்க் என்னும் மற்றொரு ஜெர்மானியர், காட்டு மரங்களின் நுனிவேர்களைப் பூஞ்சணம் உறைபோல் மூடியிருப்பதைக் கண்டு ‘பூஞ்சண வேர்’ என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை அதற்கு இட்டார். அது நோயன்று, மரத்திற்கு உணவூட்டும் செவிலி என்றார். பலர் நம்பவில்லை. 1886-இல் ஹெல்ரீகல் என்பவர் பயறு வகைகளின் வேர்முடிச்சு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்குத் தருவதை அறிவித்தார். வேரும் நுண்ணுயிரும் கொடுத்து வாங்கி வாழ்கின்றன என்பது இவ்வாறு படிப்படியாக நிலைபெற்றது.

இதற்கு முன்பே, 1875-இல், சார்லஸ் டார்வின் பூச்சியைத் தின்னும் செடிகளைப் பற்றிப் பெருநூல் எழுதியிருந்தார். சத்தில்லாத மண்ணில் வாழும் சில செடிகள் இலையில் பசை சுரந்து பூச்சியைப் பிடித்து, அதன் உடலிலிருந்து நைட்ரஜனைப் பெறுகின்றன என்று அவர் காட்டினார். ஆக, செடிக்குப் பூச்சியின் சத்து பயன்படும் என்பது தெரியும். பூஞ்சணம் வேருக்கு உணவு கொண்டுவரும் என்பதும் தெரியும். பூஞ்சணம் பூச்சியைக் கொல்லும் என்பதும் தெரியும். மூன்றும் 1885-க்குள் அச்சிலே வந்துவிட்டன. ஆயினும் பூச்சியை ஆய்ந்தவர் ஓர் அறையிலும், வேரை ஆய்ந்தவர் மற்றோர் அறையிலும் இருந்தனர். பூச்சிநூலார்க்கு மெட்டாரைசியம் ஒரு கொலைகாரன். தாவரநூலார் கண்ணுக்கு அது படவேயில்லை. நான் உயிரியல் கற்பித்த ஆண்டுகளிலும் பாடநூலில் பூச்சி ஓர் இயலில் இருந்தது, வேர் வேறோர் இயலில் இருந்தது.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் நமக்கு நெருங்கிய நாடுகளுக்கும் பங்குண்டு. நம் சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரி தென்னைநார்க் கயிற்றுக்குப் பேர்பெற்றது. அப்பக்கத்துத் தென்னந்தோப்புகளில் குருத்தோலை விரியும்போது கத்தரித்தாற்போல் வெட்டுப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது காண்டாமிருக வண்டின் வேலை. வண்டு மரத்துச்சியில் குருத்தைத் துளைக்கிறது, முட்டையிடுவதோ எருக்குழியில். எருவைத் தோண்டும்போது வளைந்து சுருண்டு கிடக்கும் கொழுத்த வெண்புழுக்கள் அதன் குஞ்சுகளே. நம் நகரத்தார் கடல் கடந்து சென்று வணிகம் நடத்திய இலங்கையிலிருந்துதான் இவ்வண்டு 1909-இல் ரப்பர் நாற்றுகளோடு பசிபிக் கடலிலுள்ள சாமோவாத் தீவை அடைந்தது. அங்குத் தென்னையைப் பெரிதும் அழித்தது. அத்தீவு அப்போது ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தது. பிரீடரிக்ஸ் என்னும் ஜெர்மானியர் குப்பைக் குவியல்களில் பச்சைப் பூஞ்சணத்தைக் கலந்து வைத்து, அங்கு முட்டையிட வந்த வண்டின் புழுக்களைக் கொல்ல முயன்றார்.

இந்தியாவில் தென்னை ஆராய்ச்சி 1916-இல், சென்னை மாகாண அரசு காசர்கோட்டில் ஒரு நிலையம் அமைத்தபோதே வேரூன்றியது. காண்டாமிருக வண்டின் பச்சைப் பூஞ்சண நோயைப் பற்றி நிரூலா, ராதா, மேனன் ஆகிய மூவரும் 1955-இல் இந்தியத் தென்னை இதழில் விரிவாக எழுதினர். நோய் எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு பரவுகிறது, உழவர்க்கு அதனால் என்ன பயன் என்பவற்றை அவர்கள் ஆராய்ந்தனர். அந்த அடிப்படையில்தான் இன்று எருக்குழியில் மெட்டாரைசியத்தை இடுமாறு வேளாண் அறிஞர்கள் நம் உழவர்க்குச் சொல்கின்றனர். கேரளத்தில் காயங்குளத்துத் தென்னை ஆராய்ச்சியாளர் காட்டிய வழியில் கிராமத்துப் பெண்கள் அரைவேக்காட்டு அரிசியில் இப்பூஞ்சணத்தை வளர்த்து உழவர்க்குக் கொடுத்திருக்கின்றனர். ஆலைக் கூழில் மெச்னிகாவ் செய்ததை அடுக்களை அரிசியில் அவர்கள் செய்தனர்.

ஆனால் 1955-இல் காற்று எதிர்த்திசையில் வீசிக்கொண்டிருந்தது. டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லியின் ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அதனையடுத்து பி.எச்.சி. என்னும் தூள் நம் சிற்றூர்களுக்கும் வந்தது. நான் சிறுவனாயிருந்தபோது, கடலைக் கொல்லையில் வேர்ப்புழு கண்டால் அந்தத் தூளை மண்ணோடு கலந்து வெறுங்கையால் தூவுவார்கள். அதன் நெடி இரண்டு மூன்று நாள் ஊருக்குள் நிற்கும். தூவியவர் கையைக் கழுவிவிட்டுச் சோறுண்ண உட்காருவார். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஓராண்டு வெள்ளாமை போனால் ஒரு குடும்பத்தின் நகை அடகுக்குப் போகும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். புழு உடனே செத்தது, ஆதலால் நம்பினார்கள். மண்ணில் அந்த நஞ்சு பல்லாண்டு தங்குவதும், மனிதர் உடலிலும் தாய்ப்பாலிலும் சேர்வதும் பின்னர்த் தெரியவந்தது. 1997-இல் பி.எச்.சி. நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. 2011-இல் எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. நஞ்சைக் கைவிட வேண்டிய நிலை வந்தபோதுதான், பழைய பூஞ்சணத்தின் நினைவு உலகுக்கு மீண்டும் வலுவாக எழுந்தது.

துண்டுகள் ஒன்றுசேரத் தொடங்கிய காலத்திற்கு இப்போது வருகிறோம். 1991-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிங், லூயிஸ் என்னும் இருவர், மக்காச்சோளத்தின் தண்டிற்குள்ளேயே போவேரியா பூஞ்சணம் வாழ்வதையும், அத்தகைய செடியில் தண்டுதுளைப்பானின் தொல்லை குறைவதையும் கண்டனர். செடிக்கு அதனால் நோய் வரவில்லை. பூச்சியைக் கொல்வது செடிக்குள் விருந்தாளியாக இருப்பதற்கு இஃதொரு தெளிவான சான்று.

2001-இல் மற்றொரு சான்று தற்செயலாகக் கிடைத்தது. கனடா நாட்டுக் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் கிளிரோனோமோஸ், ஹார்ட் என்போர், மண்ணில் துள்ளித் திரியும் கடுகினும் சிறிய ஒருவகை உயிரி, வேர்ப்பூஞ்சணத்தைத் தின்பதை ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஒரு பூஞ்சணத்தை இட்டபோது தின்ன வந்தவையே பெரும்பாலும் செத்தன. மேலும் ஆராய்ந்ததில், பைன் மரத்தின் வேரோடு வாழும் அப்பூஞ்சணம் அவற்றைக் கொன்று, அவற்றின் நைட்ரஜனை மரத்திற்குக் கொடுத்தது தெரிந்தது. மரக்கன்று பெற்ற நைட்ரஜனில் கால்பங்கு வரை அவ்வழியே வந்ததாக அவர்கள் கணக்கிட்டனர்.

2007-இல் இன்னொரு செய்தி வெளிவந்தது. மெட்டாரைசியத்தின் வித்து பூச்சியின் தோலில் ஒட்டிக்கொள்ள ஒரு புரதத்தையும், செடியின் மேற்றோலில் ஒட்டிக்கொள்ள மற்றொரு புரதத்தையும் பயன்படுத்துகிறது என்று வாங், செயின்ட் லெஜர் ஆகிய அறிஞர் காட்டினர். பூச்சிக்கு ஒரு பசை, செடிக்கு ஒரு பசை! பூச்சியை மட்டுமே நம்பி வாழும் உயிருக்குச் செடியைப் பற்றிக்கொள்ளும் பசை எதற்கு? பூச்சியில்லாத மாதங்களில் சோறிடுவது யார் என்ற கேள்விக்கு விடை நெருங்கிவிட்டது.

2012-இல் கனடாவின் பிராக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெஹி, செலிஸ்கோ, பிடோச்கா ஆகிய மூவர் செய்த சோதனை எளிமையானது. பள்ளி மாணவரும் பின்பற்றக்கூடியது. நைட்ரஜனில் சாதாரண வகையும் சற்றே எடைமிகுந்த வகையும் உண்டு. எடைமிகுந்த வகையை அவர்கள் தேன்கூட்டு மெழுகுப்புழுவின் உடலில் ஊசி மூலம் ஏற்றினர். பணத்தாளில் அடையாளமிட்டு, அது யார் கைக்குப் போகிறது என்று பார்ப்பது போன்ற முறை இது. பின்னர் அப்புழுவுக்கு மெட்டாரைசியத்தைத் தொற்றவைத்து மண்ணில் புதைத்தனர். புழுவுக்கும் செடியின் வேருக்கும் இடையே நுண்ணிய வலை ஒன்றை வைத்தனர். அதன் கண் 30 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு. பூஞ்சண இழை அதனூடே செல்லும், வேர் செல்லாது. 14 நாள் கழித்துச் செடியின் இலையைச் சோதித்தபோது, அடையாளமிட்ட நைட்ரஜன் அங்கிருந்தது! அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பீன்ஸ் செடியில் இருந்த நைட்ரஜனில் 28 விழுக்காடும், ஒருவகைப் புல்லில் 48 விழுக்காடும் அந்தப் புழுவிலிருந்து வந்தவை. 2014-இல் இதே குழுவினர் மெட்டாரைசியத்தின் பிற இனங்களிலும் போவேரியாவிலும், கோதுமை, சோயா ஆகிய பயிர்களிலும் இதனைக் கண்டனர்.

வரவு தெரிந்தது, செலவைப் பார்க்க வேண்டாமா? ஐந்தொகை எழுதுவோர் ஊரிற் பிறந்த நமக்கு இக்கேள்வி இயல்பாகவே தோன்றும். 2017-இல் அதற்கும் விடை கிடைத்தது. இம்முறை அடையாளமிட்ட கரியமில வாயுவைச் செடியின் இலைக்குக் கொடுத்தனர். இலை அதனைச் சர்க்கரையாக்கிற்று. அந்தக் கரி பின்னர் வேரைப் பற்றியிருந்த மெட்டாரைசியத்தின் உடற்பொருளில் காணப்பட்டது. செடி கொடுக்கிறது, பூஞ்சணமும் கொடுக்கிறது. பூச்சியில்லாத மாதங்களில் பூஞ்சணத்திற்குச் சோறிடுவது வேரே. 1911-இல் கான்சஸ் வயலில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி நூற்றாறு ஆண்டுகளுக்குப் பின்னர் முழு விடை பெற்றது.

இப்பூஞ்சணம் பூச்சியைக் கொல்லும் முறையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பாக்டீரியாவைப் போல் இதனைப் பூச்சி விழுங்க வேண்டியதில்லை. வித்து தோலில் ஒட்டுகிறது. ஈரம் கிடைத்ததும் முளைக்கிறது. தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, அழுத்தித் துளையிட்டு உள்ளே நுழைகிறது. பூச்சியின் குருதியில் பெருகி, நஞ்சும் சுரந்து, சில நாட்களில் அதனைக் கொல்கிறது. பின்னர் இழைகள் வெளியே வந்து, முதலில் வெண்மையாகவும் பிறகு பச்சையாகவும் உடலைப் போர்த்துகின்றன. மண்ணுக்குள் நடந்தால், அதே இழைகள் அருகிலுள்ள வேரையும் எட்டிவிடுகின்றன.

இவ்வளவும் கேட்டவுடன், இனி உரமே வேண்டாம் என்று முடிவுசெய்துவிடாதீர்கள். 28, 48 என்ற எண்கள் சத்துள்ள புழுவை வேரின் அருகிலேயே வைத்துச் செய்த சோதனையில் கிடைத்தவை. வயலில் பூச்சியின் அளவுக்கேற்பவே பயன் அமையும். மேலும் இப்பூஞ்சணத்திற்குக் கடும் வெயில் ஆகாது, ஈரம் வேண்டும். ஆகையால் கடைகளில் கிராமுக்கு 10 கோடி வித்துள்ள தூளாக விற்கப்படும் இதனை நண்பகலில் வறண்ட மண்ணில் தூவுவது வீண். மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, மாலை வேளையில், ஈரமுள்ள மண்ணில் இடவேண்டும். பூஞ்சணக்கொல்லி மருந்தை அதனோடு சேர்த்தால் பூஞ்சணம் கெடும். பட்டுப்புழு வளர்க்கும் இடத்திற்கருகில் போவேரியா கூடவே கூடாது. பாஸி கண்ட கொள்ளைநோய் அதுதான் என்பதை மறக்கலாகாது. அன்றியும் இது பொறுமையானது. நஞ்சைப்போல் அன்றே கொல்லாது, நாட்கள் எடுத்துக்கொள்ளும். அந்நாட்களில் உழவர் மனம் தளர்ந்து பழைய மருந்தை அள்ளித் தூவிவிட்டால், புழுவோடு வேரின் கூட்டாளியும் நலிவுறும். உழவரின் அந்தத் தவிப்பை அறிந்து, காத்திருக்க வேண்டிய காரணத்தை அவருக்கு எடுத்துச் சொல்லக்கூடியவர் அவர் வீட்டிலேயே படிக்கும் மகனோ மகளோதான்.

அவ்வாறு சொல்லுமுன் நீங்களே கண்ணால் கண்டிருத்தல் நலம். 1986-இல் ஜெர்மானிய அறிஞர் சிம்மர்மன் ஒரு முறையை வகுத்தார். வயலில் மருந்து தெளிக்காத மூலையிலிருந்து ஈரமண்ணை ஒரு டப்பாவில் எடுங்கள். கைவிடப்பட்ட தேனடையில் இருக்கும் மெழுகுப்புழுக்கள் ஐந்தாறு அதில் விடுங்கள். மூடியில் சிறு துளையிட்டு நிழலில் வையுங்கள். முதல் சில நாட்கள் டப்பாவை நாள்தோறும் தலைகீழாகத் திருப்புங்கள். பத்துப் பதினைந்து நாட்களில் செத்த புழுவின்மேல் பச்சைத்தூள் கண்டால் மெட்டாரைசியமாக இருக்கலாம். வெண்மாவு கண்டால் போவேரியாவாக இருக்கலாம். ஆசிரியரிடம் காட்டி, உருப்பெருக்கியில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கையை நன்றாகக் கழுவ மறவாதீர்கள். மருந்து தெளித்த வயலின் மண்ணையும் தெளிக்காத வயலின் மண்ணையும் தனித்தனி டப்பாவில் வைத்து எண்ணிக்கையை ஒப்பிட்டால், ஒரு நல்ல அறிவியல் கட்டுரையே எழுதிவிடலாம்.

ஆராய்ச்சி நம் ஊருக்குப் புதிதன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் திறக்கப்பட்டது. செட்டிநாட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இந்தச் செம்மண்ணில் கடலை வேரோடும் தென்னை வேரோடும் நெல் வேரோடும் எவ்வகைப் பூஞ்சணங்கள் கொடுத்து வாங்கி வாழ்கின்றன என்று தேடுவதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பூச்சியைப் படிப்பவரும் வேரைப் படிப்பவரும் ஒரே வரப்பில் நின்று ஒரே மண்ணைப் பார்க்க வேண்டும். கடலைச் செடியைப் பிடுங்கும் நாளில் காயை மட்டும் உதறிக்கொள்ளாமல், வேரையும் அதனைச் சுற்றியுள்ள ஒரு பிடி மண்ணையும் எடுத்துப் பாருங்கள்.